ஆரஞ்சும் சாம்பலும்

அண்ணி போய் ஒரு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அமைதியானவள், இருக்கிற இடமே தெரியாது, எல்லாரையும் அனுசரித்துப் போனவள் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. வேறு யார் வீட்டுத் துக்கத்துக்கோ கிளம்பியவர்கள் வாசல் மாறி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

அண்ணி இருக்கிற இடம் ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும். தெரிந்தாக வேண்டும். அதுதான் அவள் தொழில்.

ரயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் குழு ஒன்றில் அவள் காவல் ஆளாக இருந்தாள். மற்றவர்கள் குனிந்து ஜல்லி தள்ளுவதும் ஆணி முடுக்குவதுமாக இருக்கும்போது அண்ணி மட்டும் நிமிர்ந்து நிற்பாள். தண்டவாளம் வளைந்து மறைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரயிலின் தலை தெரிந்ததும் கையிலிருக்கும் ஹாரனை ஊதுவாள். எல்லாரும் கருவியோடு ஒதுங்கி, ஆளுக்கொரு கையை மேலே தூக்க வேண்டும். கேட்டுவிட்டது என்பதற்கு அந்தக் கைதான் அடையாளம். ஒரு கை குறைந்தாலும் அண்ணி ஊதுவதை நிறுத்தமாட்டாள்.

“கை தூக்காதவனுக்குக் காதுல விழலைன்னு அர்த்தம். விழுற வரைக்கும் ஊதணும்” என்பாள்.

குழுவில் அவளுக்குப் பெயரே ஹாரன்தான்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு நாள் அவன் போன ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். கீழே ஆரஞ்சு உடுப்பில் ஒருத்தி நின்றிருந்தாள்.

“என்னங்க ஆச்சு, ஏன் நிக்குது?”

“நீங்க இறங்கி ஒரு தள்ளு தள்ளினா கிளம்பிடும்.”

அண்ணன் நிஜமாகவே கதவு வரைக்கும் போய்விட்டானாம். “அந்தக் கதவுல நின்ன மூஞ்சியைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன். இவ்வளவு நம்புற ஆள் வெளியில கிடைக்கமாட்டான்” என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. அவள் சிரிப்பு பிடித்தது, சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைத்தது பிடித்தது. பிடிக்காதது அந்த உடுப்பும் அதைப் பார்த்தால் பெரியம்மா என்ன சொல்வாள் என்பதும்தான். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் எது மரியாதை, எது மரியாதை இல்லை என்பதற்கு அவள் வாய்தான் சட்டம். அம்மா அறுபது வயதிலும் அக்காவைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

கல்யாணம் நிச்சயமானதும் இரண்டு பக்கமும் சேர்ந்து சாப்பிடுவதற்கு ஏற்பாடு செய்திருந்தோம். அண்ணிக்கு அப்பா அம்மா இல்லை. தூரத்து ஊரில் இருந்த அவளுடைய அக்காவால் வர முடியவில்லை. அவள் பக்கத்துக்கு அவள் மட்டும்தான். எங்கள் பக்கம் மேஜை நிறைந்து வழிந்தது. பெரியம்மா எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்: பொண்ணு ரயில்வேயில் இஞ்சினியர், பெரிய ஆபீஸ்.

ஒரு மாமா அக்கறையாகக் கேட்டார். “எந்தப் பிரிவுல இஞ்சினியரும்மா?”

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“நான் இஞ்சினியர் இல்லீங்க. ரயில் வந்தா ஒதுங்குடான்னு கத்துறவ” என்றாள் அண்ணி.

பெரியம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். “நான்தான் சொன்னேனே, பொண்ணுக்கு ரொம்பத் தமாஷுன்னு!”

மேஜை முழுக்கச் சிரிப்பு. அந்த மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணி நிஜத்தைச் சொன்னாள். அவர்கள் அதற்குப் பரிசாக அவளுக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வரைக்கும் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு, “வாயால சொன்னா சிரிக்கிறாங்க. அப்ப கண்ணுக்குத் தெரியுற மாதிரி சொல்லணும்” என்றாள்.

மறுவாரம் அண்ணன் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னான். கல்யாணப் பூவெல்லாம் இரண்டே நிறம். ஆரஞ்சும் சாம்பலும். அவளுடைய வேலை உடுப்பின் நிறம் அது. உடம்பெல்லாம் ஆரஞ்சு, மார்பிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சாம்பல் பட்டை.

அம்மா வெள்ளையும் இளஞ்சிவப்பும் என்று ஏற்கெனவே பெரியம்மாவிடம் சொல்லியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சாம்பலா? கல்யாணத்துக்கா? அடுப்படியில இருக்கு, ரெண்டு வாளி அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு.”

“அம்மா, அவளுக்குப் பிடிச்ச நிறம்…”

“அந்த நிறத்துல மேடை நின்னா நான் அங்க நிக்கமாட்டேன். உங்க பெரியம்மாவும் வரமாட்டா. நீங்க ரெண்டு பேரும் பதிவாளரும் சேர்ந்து கட்டிக்குங்க.”

அண்ணன் “அவ எந்த நிறம் சொல்றாளோ அதுதான் எனக்கும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். எங்கள் அண்ணனின் வீரம் அவ்வளவுதான். ஆனாலும் வீரம்தான்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். “பூ பார்க்க நீயும் கூடப் போ. பேச்சுவாக்குல வெள்ளைப் பக்கமா இழு.”

இப்படியாக நான் உளவாளியாகப் போனேன். முதல் கடையிலேயே கட்சி மாறிவிட்டேன்.

முதல் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஆரஞ்சும் சாம்பலுமா? நடக்கப்போறது கல்யாணமா, சாலை மராமத்தா?” என்றார்.

“மராமத்துதான். உங்களை மாதிரி ஆளுங்க வாயில பள்ளம் இருக்கு, அடைக்கணும்” என்றாள் அண்ணி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சொன்ன வெள்ளை அந்த நிமிஷமே என் மனசிலிருந்து போய்விட்டது.

இரண்டாவது கடை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே ஈரத் தரை, வாளி வாளியாகத் தண்டுகள், மூலையில் பூ வைக்கிற குளிர்ப்பெட்டியின் உறுமல். கடைக்கார அம்மாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரோஜாவுக்கு முள் உரித்துக்கொண்டிருந்தாள். நிறத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஆரஞ்சு எத்தனை வேணும்னாலும் தர்றேன். வசந்தம் இப்பதான் தொடங்குது, டூலிப் வந்தாச்சு. சாம்பல் பூ மட்டும் கிடையாதும்மா. உலகத்திலேயே கிடையாது. கடவுளுக்கே அது தோணலை.”

“தோணியிருக்கும். நீங்க பார்த்திருக்கமாட்டீங்க.”

“முப்பது வருஷமா பூ விக்கிறேன்.”

“நான் பதினஞ்சு வருஷமா வெட்டவெளியில நிக்கிறேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அதிலேயே அவர்களுக்குள் ஒரு சினேகம் பிறந்துவிட்டது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மதியம் முழுவதும் அந்தக் கடையில் போனது. கடைக்கார அம்மாள் வெள்ளி மினுங்கும் இலைக்கொத்து ஒன்றைக் காட்டினாள். அண்ணி, “இது இலை. நான் கேட்டது பூ” என்றாள். வெள்ளைப் பூவுக்குச் சாம்பல் சாயம் தெளித்துத் தரட்டுமா என்றாள். “பெயிண்ட் அடிக்கிறது கம்பத்துக்கு” என்றாள் அண்ணி. ஆரஞ்சில் மட்டும் எதுவும் தடங்கல் இல்லை. நெருப்புக் கொழுந்து போல டூலிப், இதழ் மேல் இதழாகச் சுருண்ட ரனன்குலஸ். இன்னொன்று உயரமான தண்டில் கிரீடம் வைத்த மாதிரி தலைகீழாகத் தொங்கும் மணிகள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. குனிந்து முகர்ந்தேன். மழையில் நனைந்த நாயை முகத்துக்கு நேராகப் பிடித்தது போல இருந்தது.

“இது வாசனைக்கு ஆகாது, ஆனா பார்வைக்கு ராணி” என்றாள் கடைக்கார அம்மாள்.

“பெரியம்மா உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல வைப்போமா?” என்று என் காதில் கேட்டாள் அண்ணி. வேண்டாம் என்று சொல்லவே எனக்கு மனமில்லை. கடைசியில் நல்லவேளையாக வாங்கவில்லை.

மறுநாள் மாலை, வேலை முடிந்து, உடுப்பு மாற்றாமலே அண்ணி அதே கடைக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு குச்சி. குச்சி முழுக்க, விரல் நுனி அளவில், சாம்பல் நிறத்தில், பட்டுப்போன்ற மயிரோடு மொட்டுகள். தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டியின் பாதத்தைத் தொட்டது போல இருந்தது.

“எங்க ஆளுங்க இதைப் பூனைப்பாதம்பாங்க. வில்லோ மரம். தண்டவாளச் சரிவுல தானா முளைக்கும். பனி போறதுக்கு முன்னாடியே பூத்துடும். இது மறைச்சா எனக்கு ரயில் தெரியாது. வருஷா வருஷம் நான்தான் வெட்டச் சொல்லித் திட்டுவேன்.” அண்ணி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்தனை நாள் எதிரியா நினைச்சேன்.”

கடைக்கார அம்மாள் ஓர் ஆரஞ்சு டூலிப்பை எடுத்து அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணி தன் கையை நீட்டி உடுப்பை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ” என்றாள் கடைக்கார அம்மாள். “இதுக்குத் தண்ணி காட்டக் கூடாது. வெறும் வாளியில, குளிர்ச்சியா வை. காஞ்சாலும் இப்படியே இருக்கும், வருஷக்கணக்கா இருக்கும். தண்ணியும் சூடும் பட்டா வசந்தம் வந்துடுச்சுன்னு நினைச்சு வாயைத் திறந்துடும். உள்ள இருக்கிற மஞ்சப் பொடி எல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் சாம்பல் கிடையாது.”

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தாகமாக இருக்கிற எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலோரத் தொட்டிகளில் விரலை விட்டுப் பார்ப்பாள். பல் டாக்டரின் அறையில் காத்திருந்தபோது, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். கேட்டால், “பிளாஸ்டிக்கா இருந்தா என்ன, வாடின மாதிரி இருந்துச்சு” என்றாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூனைப்பாதக் கட்டுகளை மண்டபத்தின் பின்னறையில் வெறும் வாளிகளில் நிறுத்தி வைத்தோம். டூலிப்பைக் கடைக்கார அம்மாள் கல்யாணத்தன்று காலையில் கொண்டுவருவதாக ஏற்பாடு. மண்டபச் சாவி அம்மாவிடம் இருந்தது. அம்மா அதுவரைக்கும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பெரியம்மா தினமும் தொலைபேசியில், “வெள்ளைதானே?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, “பார்க்கலாம் அக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றே அம்மா தனியாக மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். நாற்காலி போட்டுவிட்டார்களா என்று பார்க்கப் போனேன் என்று சொன்னாள். எனக்குத் தெரியும், அவள் அந்தப் பூவைப் பார்க்கத்தான் போனாள். பின்னறைக்குள் நுழைந்தால் சில்லென்ற குளிர், வரிசையாக வாளிகள், ஒன்றில்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எந்தப் பூவை வேண்டாம் என்று மல்லுக்கு நின்றாளோ, அந்தப் பூ தாகத்தோடு நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து வாளி வாளியாக நிரப்பினாள். குளிரில் நடுங்குகிறதே என்று ஹீட்டரையும் போட்டுவிட்டு வந்தாள்.

கல்யாணத்தன்று காலை பின்னறைக் கதவைத் திறந்தது நான்தான். அறை வெந்நீர்க் குளியலறை மாதிரி இருந்தது. பூனைப்பாதம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மஞ்சள். மொட்டெல்லாம் வாய் பிளந்து, தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் மஞ்சள் பொடி படிந்திருந்தது.

அண்ணி கல்யாணப் புடவையோடு வந்து வாசலில் நின்றாள். பின்னாலேயே அம்மா, அம்மாவுக்குப் பின்னால் பெரியம்மா.

“யார் தண்ணி ஊத்தினது?” என்றாள் அண்ணி.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “காஞ்சு கிடந்துச்சு… பாவமா இருந்துச்சு. நான் கெடுக்கணும்னு செய்யலைம்மா.”

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். ஆனால் அவள் கோபப்படவில்லை. “அத்தை, நீங்க இதுக்குப் போய்த் தண்ணி வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

பெரியம்மாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. “விடு, எல்லாம் நல்லதுக்குத்தான். மண்டபத்துக்காரங்ககிட்ட வெள்ளை லில்லி தயாரா இருக்கு. நான் நேத்தே ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டேன். பத்து நிமிஷத்துல மேடையை மாத்திடுவாங்க. வர்றவங்களுக்கு எதுவும் தெரியாது.”

வர்றவங்களுக்கு எதுவும் தெரியாது. அந்த வார்த்தைக்கு எதிராகத்தான் அண்ணி இத்தனையும் செய்தாள், அது தெரியாமல் பெரியம்மா அதையே சொன்னாள்.

“லில்லி உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன், பெரியம்மா” என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. “கல்யாணத்தைத் தண்டவாளத்துல வச்சுக்கிறேன். மாப்பிள்ளைக்கு வழி தெரியும்.”

பிறகு என்னிடம் தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள். அவள் குழு அன்று காலை வரைக்கும் வேலையில் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருவதாக இருந்தார்கள். அம்மாதான் அண்ணன் மூலமாக, “வர்றப்ப நல்ல உடுப்புல வரச் சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“மேஸ்திரி, எங்க இருக்கீங்க?… வடக்குச் சரிவுல வெயில் படாத பக்கம் ஒரு மரம் இருக்கே, நான் போன வாரம் திட்டினது. அதுல இன்னும் திறந்திருக்காது. வெட்டிக்கிட்டு வாங்க. காவலுக்கு ஆள் நிறுத்திட்டு வெட்டுங்க. இல்ல, வீட்டுக்குப் போகாதீங்க, நேரமில்லை. அப்படியே வாங்க.”

அப்படியே வந்தார்கள். ஆறு பேர். ஆரஞ்சு உடுப்பு, சாம்பல் பட்டை, முழங்கால் வரைக்கும் சேறு. ஆளுக்கொரு கை நிறையப் பூனைப்பாதம், எல்லாம் இறுக மூடிய சாம்பல். மேஸ்திரி வாசலிலேயே நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

“கம்பளத்துல சேறு ஆயிடுமே, ஹாரன்?”

“ஆகட்டும்.”

கொண்டுவந்தது மேடைக்குப் போதவில்லை. கடைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, ஆரஞ்சு டூலிப்பையும் இருந்த சாம்பலையும் வைத்து மேடையின் முன்பக்கத்தையும் அண்ணியின் பூச்செண்டையும் கட்டினாள். பின்வரிசைக்கு ஒன்றுமில்லை. “பின்னாடி மொட்டையா இருக்கே” என்றேன். “நாங்க நிக்கிறோம்” என்றார் குழுவிலேயே உயரமானவர். மீதிக் கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அந்த வரிசைதான் அன்றைக்கு மண்டபத்தின் அலங்காரம்.

பதிவாளர் சளி பிடித்த மனிதர். மைக்கை அணைக்காமலேயே விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணனுடைய தொழில், ஆசிரியர். எழுதிக்கொண்டார்.

“பொண்ணுக்குத் தொழில்?”

“தண்டவாளப் பராமரிப்பு. காவல் ஆள்.”

மைக் வழியாக அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பெரியம்மா வழக்கம்போலச் சிரித்தாள். இந்த முறை கூடச் சிரிக்க ஆள் இல்லை. சிரிப்பதற்கு வாயைத் திறந்த அந்த மாமா, சுவரோரம் நின்ற ஆறு பேரையும் பார்த்தார், மேடைப் பூவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

அப்போது மேஸ்திரி, பழக்க தோஷத்தில் என்று நினைக்கிறேன், ஒரு கையை மேலே தூக்கினார். கையில் கிளையும் கூட எழுந்தது. அடுத்தவர் தூக்கினார். ஆறு கைகளும் எழுந்தன. அண்ணன் மேடையில் நின்றபடியே தூக்கினான். நானும் தூக்கினேன். எங்கோ நடுவில் கடைக்கார அம்மாளின் ரப்பர் கையுறை எழுந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அண்ணியின் அக்கா தூங்கும் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு தூக்கினாள்.

அம்மா முதல் வரிசையில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி அவள் பக்கமாகத் திரும்பினாள். “தண்டவாளப் பராமரிப்பு. காவல் ஆள்” என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக.

“எழுதிட்டேம்மா. ஒரு தடவை சொன்னாப் போதும்” என்றார் பதிவாளர்.

“உங்களுக்குப் போதும் சார். அங்க ஒரு கை குறையுது.”

பெரியம்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்து அழுத்துவதை நான் பார்த்தேன். அம்மா அந்தப் பிடியிலிருந்து முழங்கையை உருவினாள். மெதுவாக, வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை தூக்குவது மாதிரி, கையைத் தூக்கினாள். பட்டு ரவிக்கையின் கை முழுக்க, பின்னறையில் ஒட்டிய மஞ்சள் பொடி.

அண்ணி பதிவாளரிடம் திரும்பி, “இப்ப எங்க கையெழுத்து?” என்றாள்.

“தூக்கலேன்னா மூணாவது தடவையும் கத்தியிருப்பா. மானம் போயிருக்கும். அதான் தூக்கினேன்” என்று அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் நம்புவது போலத் தலையாட்டினோம். அந்த வடக்குச் சரிவுக் கிளைகளில் ஒரு கட்டை அவளே வீட்டுக்கு எடுத்துவந்து கண்ணாடி ஜாடியில் வைத்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது ஜாடிப் பக்கம் டம்ளரோடு போனால், “அதுக்குத் தண்ணி காட்டாதீங்க!” என்று உள்ளிருந்தே கத்துவாள். கடைக்கார அம்மாள் சொன்னது சரி. இன்றைக்கும் அது சாம்பலாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் தூசியோடு.

அதற்குப் பிறகு அம்மாவும் அண்ணியும் ஒத்துப்போனார்கள் என்று சொன்னால் பொய். உப்புக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதற்குச் சண்டை, டி.வி. சத்தத்துக்குச் சண்டை. அண்ணிக்கு ஹாரன் ஊதி ஊதிக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அம்மாவுக்கு வயதாகி மந்தமாகிவிட்டது. இருவரும் பேசினால் தெருவே கேட்கும். அண்ணி பின்னால் மேஸ்திரி ஆனாள். மழையில் குழுவை நிற்கவைத்துவிட்டு, தங்கள் வண்டியை மட்டும் கூரைக்கு அடியில் நிறுத்திக்கொண்ட அதிகாரிகளிடம் அவள் போட்ட சண்டைகளை அம்மா கடைத்தெருவில் தானே போட்ட மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள்.

நோய் வந்தபோது முதலில் குரல்தான் போனது. அவளுக்கு எது போனாலும் அது போயிருக்கக் கூடாது. நாங்கள் பேசினால் கையைத் தூக்குவாள். கேட்டுவிட்டது. மருத்துவமனையில் நர்ஸுகளுக்கும் அது பழகிவிட்டது. கடைசி நாள் மாலையில் அம்மா கூப்பிட்டபோது கை எழவில்லை. அம்மா நிறுத்தவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து அம்மாவின் தோளைத் தொட்ட பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அண்ணி போனது இலையுதிர்காலத்தில், அப்போது பூனைப்பாதம் கிடையாது. பூக்கடையில் இப்போது கடைக்கார அம்மாளின் மகள் இருக்கிறாள். இந்த மாதிரி நேரத்துக்கு வெள்ளைதான் வழக்கம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா கைத்தடியைக் கல்லாமேஜை மேல் வைத்தாள். “ஆரஞ்சு. கடையில இருக்கிற ஆரஞ்சு எல்லாம். சாம்பலுக்கு நான் வீட்டிலிருந்து கொண்டுவர்றேன்.” ஜாடியிலிருந்து பாதியை எடுத்து அவளே கட்டினாள்.

அன்று மாலை பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் பேசினான். பெரியம்மா இப்போது இல்லை. ஆனால் அவளுடைய சட்டத்தை மகன் பத்திரமாகக் காப்பாற்றிவருகிறான். செய்தித்தாளில் போடுவதற்கு அறிவிப்பை அவன்தான் எழுதி அனுப்பியிருந்தான். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் வைத்தேன்.

“சித்தி, எல்லாம் நல்லா வந்திருக்கு. ரயில்வே அதிகாரின்னு போட்டுட்டேன். பார்க்கிறவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும்.”

“அதை எடு.”

“எதை சித்தி?”

“அதிகாரியை எடு. தண்டவாளப் பராமரிப்புன்னு போடு. காவல் ஆள், அப்புறம் மேஸ்திரி.”

“சித்தி, இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு…”

“தண்டவாளப் பராமரிப்பு” என்றாள் அம்மா. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “காவல் ஆள், மேஸ்திரி. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சித்தி, கேட்டுச்சு.”

“கையைத் தூக்கு.”

“போன்லயா சித்தி?”

“தூக்குடா.”

அம்மா தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தூக்கிட்டேன் சித்தி” என்றான் அவன்.